நாற்பத்தோராவது கையெழுத்து

— வாசிச்சு முடிக்காமல் நான் கையெழுத்து வைக்கிறேல்லை, தம்பி. முப்பத்திரண்டு வருசம் காணிப் பதிவுக் கந்தோரிலை இருந்தவன். காணி உறுதிப் பத்திரம் எழுதிக்கொண்டு வாற பிரக்கிராசி வக்கீல்மாரையே கதிரையிலை இருத்திப்போட்டு, கடைசி வரி வரைக்கும் வாசிச்சுத்தான் பேனையைத் தொடுவன்.

— நா அவசரப்படுத்தல்ல, மகேந்திரராசா அங்கிள். ஆறுதலா வாசிங்க. எங்க ஊரு திகனக்கி பஸ் இன்னும் நிறைய ஈக்குது.

— இதிலை பங்களிப்பாளர் எண்டு போட்டிருக்கு. ஆர் அது?

— ஒங்கட மகன்தான் அங்கிள். விவேகன்.

— விவேகானந்தன். முழுப்பெயர் வைச்சனான். அரைவாசியாய் வெட்டிக் கூப்பிட வேண்டாம்.

— சரி அங்கிள், விவேகானந்தன். கம்பஸ்ல நாலு வருசம் ஒரே அறை. "டேய் விவேகன், டேய் றிஸ்வி"ண்டே பழகிட்டோம்.

— அப்பிடி என்னத்தைப் பங்களிச்சவன்?

— கம்ப்யூட்டர் புரோகிராம் அங்கிள். சுனாமி வந்த நேரம் நாங்க கொஞ்சப் பேர் சேந்து எழுதினது. தேடல்ண்டு பேர் வெச்சோம். காணாமப் போன ஒருத்தர்ட விவரத்த ஒரு முகாம்ல பதிஞ்சா, மத்த முகாமெல்லாம் ஈக்கிற ஆக்கள்ட விவரத்தோட ஒத்துப் பாத்து, "இந்த ஆள் இந்த எடத்துல ஈக்கிறாரு"ண்டு சொல்லும். அம்பாறையில ஒரு பள்ளிக்கூடத்துல, மேசை கூட இல்லாம, நெலத்துல இருந்து தொடங்கினோம். இப்ப எங்கெங்கயோ நாட்டுல பூமி ஆடினாலும் வெள்ளம் வந்தாலும் அதத்தான் பாவிக்கிறாங்க.

— சம்பளம் ஆர் தந்தது?

— ஒருத்தரும் தரல்ல. இது அப்பிடி வேல இல்ல அங்கிள். எழுதினத எல்லாரும் பாக்க வெளியில வெக்கிறது. ஆரும் எடுக்கலாம், ஆரும் திருத்தலாம். கந்தோர் வேல முடிஞ்சி வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் எழுதுவான்.

— சும்மா குடுக்கிற வேலை. இதுக்குத்தான் நான் அவனை எஞ்சினியருக்குப் படிப்பிச்சனான்.

— சும்மாதான். ஆனா எழுதினவன்ட பேர் அந்த வரியோட நிக்கும். இன்ன ஆள், இன்ன நாள், இன்ன நேரம், என்னத்துக்கு இத மாத்தினான். எல்லாம் பதிவுல ஈக்கும்.

— ஒவ்வொரு வரிக்குமோ?

— ஒவ்வொரு வரிக்கும்.

— ம். எங்கட கந்தோர்ப் பதிவேடு கூட உவ்வளவு வடிவாய் இருக்கேல்லை. சரி, பெயர் நிக்குதெண்டால் இந்தக் கடுதாசி என்னத்துக்கு?

— அந்தப் புரோகிராம ஒரு பெரிய நிவாரண அமைப்பு எடுக்கப் போகுது. அதுக்கு அனுமதிப் பத்திரத்த மாத்தணும். மாத்திறதுண்டா எழுதின ஒவ்வொருத்தரும் சம்மதிச்சுக் கையெழுத்து வெக்கணும். மொத்தம் நாப்பத்தொரு பேர். நாப்பது கையெழுத்தும் வந்துட்டுது.

— வராமல் விட்டால்?

— இந்த மாசக் கடைசியோட அவன் எழுதினதெல்லாத்தையும் கழட்டிப்போட்டு, வேற ஆளக் கொண்டு புதுசா எழுதுவாங்க. வரி போனா அதோட பேரும் போகும்.

— அவன்ரை பெயர் ஏன் போகவேணும்? "வெளிநாட்டிலை இருக்கிறார்" எண்டு எழுதும். நான் தகப்பன், அவனுக்காகக் கையெழுத்து வைக்கிறன்.

— அது ஏலாது அங்கிள். இதுல மூணு பெட்டி ஈக்குது பாருங்க. ஆள் ஈக்கிறாருண்டா அவரேதான் வெக்கணும், எந்த நாட்டுல இருந்தாலும். ரெண்டாவது, மௌத்தாப் போனவரு... அதாவது எறந்து போனவரு. அதுக்கு மரணச் சான்றிதழ் கேப்பாங்க. மூணாவது...

— வாசிச்சனான். மூண்டாவது எங்களுக்குத் தேவையில்லை.

— தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ. வெறுந்தேத்தண்ணிதான், பால்மா முடிஞ்சுபோச்சு. இவர் ஆக்களைக் கூப்பிட்டால் எனக்கொரு சொல்லு சொல்லமாட்டார்.

— நான் கூப்பிடேல்லை, லீலா. அவராய்த்தான் வந்தவர்.

— வந்தது நல்லதுதான். இந்த அம்பிட்டிய ஏத்தம் ஏறி எங்களைப் பாக்க இப்ப ஆர் வருகினம். வழியிலை ஆமிக்காரர் மறிச்சவங்களோ, தம்பி?

— தென்னகும்புர பாலத்தடியில எறக்கி செக் பண்ணினாங்க அன்ரி. பேக்குல கம்ப்யூட்டர் ஈந்ததால கொஞ்சம் சொணங்கிப் போச்சு.

— விவேகன் உங்களுக்கு ரெலிபோன் எடுக்கிறவனோ?

— எனக்கா? இல்ல அன்ரி. கொஞ்ச நாளா இல்ல.

— எனக்கும் இல்லை. இவருக்கு மட்டும் எடுக்கிறானாம். நான் கோயிலுக்குப் போற நேரம் பாத்துத்தான் எடுக்கிறானாம். கோயிலுக்குப் போகாமல் இரண்டு கிழமை வீட்டிலையே இருந்து பாத்தன், அந்த இரண்டு கிழமையும் எடுக்கேல்லை. அவ்வளவு கோவம் பெத்தவளோடை.

— லீலா, அவரைக் குடிக்க விடும்.

— குடிக்கட்டும், நான் கையைப் பிடிக்கேல்லையே. ஜெர்மனியிலை சரியான குளிராம், தம்பி. ஒரு சுவெற்றர் பின்னி வைச்சிருக்கிறன். விலாசம் கேட்டால் "வீடு மாறுறான்" எண்டுறார். எட்டு மாசமாய் மாறுறான். அப்பிடி எத்தினை வீடு இருக்கோ அந்த நாட்டிலை.

— ...நல்ல நிறம் அன்ரி. அவனுக்கு நீலம்தான் விருப்பம்.

— பாத்தியளே, உங்களுக்குத் தெரியுது. போகேக்கை முகம் கூடக் காட்டாமல் போனவன். மகள் மங்களேஸ்வரியின்ரை கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்கு. மாப்பிள்ளை வீட்டார் கொழும்பிலையிருந்து வந்து, இந்தா இந்தக் கதிரையளிலைதான் இருக்கினம். ரெலிபோன் அடிச்சது, இவர் எடுத்தார். சிங்களத்திலை ஏதோ கதைச்சார். எனக்குச் சிங்களம் கடைக்குப் போற அளவுக்குத்தான். எயாப்போட்டிலை ஆரோ எடுத்துக் குடுக்கினமாக்கும் எண்டு நினைச்சன். வைச்சுப்போட்டுத் திரும்பி எல்லாருக்கும் சொல்லுறார், "விவேகானந்தன் ஜெர்மனியிலை வேலை கிடைச்சுப் போயிட்டான்" எண்டு. சபையோடை சபையாய் நானும் கேட்டுக்கொண்டு நிண்டன். தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு நிக்கக்கூட மனமில்லை அவனுக்கு.

— மழை இருட்டுது, லீலா. பின்னுக்குப் போட்ட உடுப்பு நனையப்போகுது.

— போறன், போறன். என்னை எழுப்பிறதுக்கு இவருக்கு மழையும் உதவி. தம்பி, பணிசும் எடுங்கோ. போகேக்கை சொல்லிப்போட்டுத்தான் போகவேணும்.

— என்ன, தம்பி, கோப்பையையே பாக்கிறீர்?

— அங்கிள், நா போன மாசம் கொழும்புல வெள்ளவத்தைக்கிப் போனேன். விவேகன் தங்கி ஈந்த வீட்டு திரேசா அன்ரியப் பாத்தேன்.

— அந்த மனுசி வாய்க்கு வந்ததைக் கதைக்கும்.

— கதைக்கல்ல. அழுதிச்சு. யூன் ஏழாந்தேதி, சனிக்கிழம, விடிய அஞ்சு மணிக்கி நாலு பேர் வந்தாங்களாம். "பத்து நிமிசத்துல விட்டுருவோம்"ண்டாங்களாம். அவன் சப்பாத்து போடப் போனானாம், தேவல்லண்டு சொல்லிட்டாங்களாம்.

— மெல்லக் கதையும்.

— மெல்லத்தான் கதைக்கிறேன். இத என்ட கையில தந்து, "தாய் தகப்பனுக்கிட்ட சேத்துருங்க"ண்டு சொன்னாங்க. அலுமாரிக்குள்ள இருந்திச்சாம்.

— என்ன உது?

— அவன்ட பாஸ்போட், அங்கிள். பாஸ்போட் இங்க ஈக்கக்கொள்ள, அவன் எப்பிடி ஜெர்மனிக்கிப் போவான்?

— உதை மூடும். கடுதாசிக்குக் கீழை வையும். லீலா பாத்திடுவா.

— எட்டு மாசமா நானும் வாய் தொறக்கல்ல. பயம் அங்கிள். எங்க வாப்பா மக்கீன், "என்ட மகன் எந்தப் பையனத் தேடுறாண்டு விசாரிப்பானுகள், கடைய மூடிட்டுத்தான் இருக்கணும்"ண்டு சொன்னாரு. நானும் அடங்கிட்டேன். ஒங்களுக்கும் பயமீக்கும். அதுல ஒரு வெக்கமும் இல்ல.

— பயமோ? ஆருக்கு? தம்பி, இந்த இடது முழங்கையைப் பாரும். மடக்கிப் பாக்கிறன், மடங்குதோ? எண்பத்திமூண்டுக் கலவரத்திலை, கந்தோர் வாசல்லை, பொல்லோடை ஏழெட்டுப் பேர். "நம மொகத?" எண்டு ஒவ்வொருத்தராய்ப் பெயர் கேக்கிறாங்கள். எங்கட பியோன், நல்ல மனுசன், பின்னாலை நிண்டு "ஒரு சிங்களப் பெயரைச் சொல்லுங்கோ ஐயா" எண்டு காதுக்குள்ளை கெஞ்சுறான். நான் என்ன சொன்னனான் தெரியுமோ?

— தியாகராஜா மகேந்திரராசா. தகப்பன் பேரோட சேத்து முழுப்பேரையும் சொன்னீங்க. அவன் பொல்லத் தூக்கினான், நீங்க கையக் குடுத்தீங்க. இந்தக் கதைய நா நூறு தரம் கேட்டீக்கிறேன் அங்கிள். பரீட்சைக்கிப் பயந்துபோய் இருந்தா விவேகன் இதத்தான் சொல்லுவான். "எங்கட அப்பா சாவு முன்னுக்கு நிக்கேக்கையும் பெயரை மாத்தேல்லை"ண்டு, ஒங்கட மாதிரியே நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொல்லுவான். நாங்க சிரிப்போம்.

— என்னட்டை ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை.

— ஒங்களுக்கிட்ட சொல்ல மாட்டான். புரோகிராம்ல எழுதி வெச்சான்.

— என்னத்தை?

— காட்டுறேன். கம்ப்யூட்டர் தொறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பழசு. அதுக்குள்ள ஒண்டு சொல்றேன், கேளுங்க. அம்பாறையில முதல் மாசம் ஒரு புள்ளைய வேற ஒரு குடும்பத்துக்கிட்ட குடுத்துட்டாங்க. பேரு ஒத்துப் போச்சு, வயசு ஒத்துப் போச்சு, ஆனா அவங்கட புள்ள இல்ல. விவேகன் ரெண்டு நாள் சாப்பிடல்ல. மறுகா வந்து ஒரு சட்டம் எழுதினான். பேரும் வயசும் ஒத்துப் போனாலும் அது காணாது, போதாது. சொந்தக்காரர் ஒருத்தரக் கூப்பிட்டு, "இவர் உங்கட ஆளா?"ண்டு கேக்கணும். அவரு "ஓம்"ண்டு வாயால சொல்லணும். சொன்னாத்தான் ஆள வீட்டுக்கு விடும்.

— சரியான சட்டம். சாட்சி இல்லாமல் ஒரு துண்டுக் காணியே கை மாறாது.

— அந்தச் சட்டம் சரியா வேல செய்யுதாண்டு பாக்க ஒரு சோதன எழுதணும். பொய்க்கு ஒருத்தர் காணாமப் போவாரு, பொய்க்கு ஒருத்தர் தேடி வருவாரு. நாங்கெல்லாம் ஏதாவது சும்மா பேர் போடுவோம். இவன் போட்டீக்கிற பேரப் பாருங்க. இந்தா, இந்த வரி. கண்ணாடி போட்டீங்களா?

— போட்டிருக்கிறன். வாசியும், எனக்கு எழுத்துச் சின்னனாய்க் கிடக்கு.

— காணாமப் போனவர், விவேகானந்தன். தேடி வந்தவர், மகேந்திரராசா. உறவு, தகப்பன். கேள்வி, "இவர் உங்கள் மகனா?" பதில் இது. மத்த எல்லாம் இங்கிலீஷ்ல, இது மட்டும் தமிழ்ல.

— "ஓம்."

— ஓம்தான். பிலிப்பைன்ஸ்ல ஒருத்தன் ஒரு நாள் எழுதிக் கேட்டான், "இந்த ரெண்டு எழுத்தும் என்ன படம்?"ண்டு. நாங்களும் கேட்டோம், ஏண்டா சொந்த வாப்பாட பேரப் போட்டாயிண்டு. அதுக்குச் சொன்னான், "வேற ஆரின்ரை பேரைப் போட்டாலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கும். அப்பா எண்டால் துவக்கை நெத்தியிலை வைச்சுக் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவார்"ண்டு. அங்கிள்? தண்ணி கொண்டு வரச் சொல்லவா?

— வேண்டாம். உதை ஓட்டிக் காட்டும்.

— இந்தா... முடிஞ்சிது. பச்ச நிறம் வந்திச்சே, கண்டீங்களா? "வீடு திரும்பினார்"ண்டு அர்த்தம்.

— அவ்வளவு கெதியாயோ?

— ஒரு செக்கன் கூட இல்ல.

— இன்னொருக்கா.

— இந்தா. பச்ச.

— உதை எத்தினை தரம் ஓட்டுறவங்கள்?

— எந்த நாட்டுல ஆரு ஒரு எழுத்த மாத்தினாலும் இது ஓடும். ஒரு நாளைக்கி அறுவது, எழுவது தரம் ஈக்கும்.

— அந்த எழுபது தரமும் அவங்கள் கேக்கிறாங்கள். நான் ஓம் எண்டு சொல்லுறன். அவன் வீட்டுக்கு வாறான்.

— ஓ. எட்டு மாசமா அவன் இல்ல, ஆனா ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்துக்கிட்டுத்தான் ஈக்கிறான். இதத்தான் மாசக் கடைசியில கழட்டப் போறாங்க. நா அதுக்குத்தான் ஒங்களுக்கிட்ட வந்தேன் அங்கிள். மூணாவது பெட்டிய நானே சண்ட புடிச்சித்தான் சேர்த்தேன். காணாமப் போனவர். அதுக்கு சான்றிதழ் ஒண்டும் தேவல்ல. கிட்டின சொந்தக்காரர், தனக்குத் தெரிஞ்சத உண்மையா எழுதிக் கையெழுத்து வெச்சாக் காணும்.

— உண்மையாய்.

— அப்பிடித்தான் போட்டீக்குது.

— நான் ஒருநாளும் பொய்க்குக் கீழை கையெழுத்து வைச்சதில்லை, தம்பி. எவ்வளவோ பேர் எவ்வளவோ கொண்டுவந்து மேசையிலை வைச்சவங்கள். அது உமக்குத் தெரியுமோ?

— தெரியும் அங்கிள். அவன் அதையும் சொல்லியீக்கிறான்.

— அவன் கனக்கச் சொல்லிப்போட்டான். லீலா! லீலா, இஞ்சை ஒருக்கா வாரும்.

— என்னப்பா, உடுப்பெல்லாம் மடியிலை கிடக்கு, அதுக்குள்ளை கூப்பிடுறியள்.

— வைச்சுப்போட்டு இதிலை இரும். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்.

— அங்கிள், இதுக்கு சாட்சி கேக்கல்ல.

— அவங்கள் கேக்காட்டியும் நான் வைப்பன்.

— என்ன உறுதி இது? என்னட்டைக் கேளாமல் வீட்டை விக்கப் போறியளோ?

— இல்லை. தம்பி, மூண்டாவது பெட்டியிலை அடையாளம் போடும்.

— போடுறேன், அங்கிள்.

— என்ன பெட்டி? காணாமல்... ஆர் காணாமல் போனது? தம்பி, கடுதாசிக்குக் கீழை என்ன கிடக்கு? விடுங்கோ, பாப்பம். இது விவேகன்ரை படமெல்லே. இது அவன்ரை பாஸ்போட்டெல்லே. இது இஞ்சை கிடந்தால்... இஞ்சாருங்கோ, இது இஞ்சை கிடந்தால் அவன் எங்கை?

— இரும், லீலா. சாட்சி எண்டால் முழுக்கக் கேக்கவேணும். நான் சொல்லச் சொல்ல எழுதும், தம்பி. "தியாகராஜா மகேந்திரராசா ஆகிய நான், மேற்படி விவேகானந்தனின் தகப்பன்."

— எழுதிட்டேன்.

— "இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு யூன் மாதம் பதினாறாந் திகதி, மகளின் கலியாணத்துக்கு அடுத்த நாள், அவனை வைத்திருப்பதாக நான் அறிந்திருந்த இடத்துக்குத் தனியே சென்றேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது."

— அண்டைக்குக் கொழும்புக்குப் போனது பென்சன் அலுவல் எண்டியளே. வைச்சிருக்கிற இடம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது? எட்டு மாசம் நான் சுவெற்றர் பின்னிக்கொண்டு...

— எழுதும். "அதற்கு ஏழு நாட்களுக்கு முன், யூன் ஒன்பதாந் திகதி பின்னேரம் மூன்றரை மணிக்கு, அந்த இடத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது."

— ஒன்பதோ? அண்டைக்குத்தானே மாப்பிள்ளை வீட்டார் இதிலை இருந்தவை. அது பிள்ளை எடுத்ததெண்டெல்லே... நீங்கள் சிங்களத்திலை கதைச்சியளே. என்ன கேட்டவங்கள்? வாயைத் திறந்து சொல்லுங்கோ, என்ன கேட்டவங்கள்?

— அங்கிள், போதும். எழுதினது காணும். நா இத இப்பிடியே அனுப்புறேன். அன்ரியப் பாருங்க.

— காணாது. பேனையைக் கீழை வையாதையும், தம்பி. "விவேகானந்தன் என்பவர் உங்கள் மகனா, ஆமென்றால் வந்து கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்கப்பட்டது. பக்கத்தில் அவன் 'அப்பா' என்று கூப்பிட்டதும் கேட்டது. இல்லை என்று பதில் சொன்னவர், கீழே கையெழுத்திடும் தகப்பன்."